எஸ்-என்னுக்குள் ஒரு மூக்கு

ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னிஃப், ஸ்னவுட். தும்மல், குறட்டை, மோப்பம், விலங்கின் நீண்ட மூக்கு. ஆங்கிலத்தில் எஸ்-என் என்று தொடங்கும் சொற்களில் இத்தனை மூக்கு ஏன்? ஸ்னேக், ஸ்னோ என்று மூக்குக்குச் சம்பந்தமில்லாததும் உண்டுதான். ஆனாலும் கூட்டம் கண்ணில் படுது.

இப்படிப் பொருளோடு ஒட்டிவரும் ஒலித்துணுக்குக்கு 1930இல் 'ஸ்பீச்' என்ற நூலில் 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபிர்த். (அதற்குமுன் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர்.) இது வேர்ச்சொல் இல்லை. ஸ்னவுட்டில் எஸ்-என்னை எடுத்துட்டா மிச்சம் 'அவுட்'. அதுக்கும் மூக்குக்கும் என்ன உறவு?

எல்லாம் ஒரே வேர் என்று முடிவுகட்டினால் ஸ்னீஸ் காலை வாரிவிடும். பழைய ஆங்கிலத்தில் அது ஃப்னேயோசன், எஃப்-என்னில் தொடங்கும் சொல். 14ஆம் நூற்றாண்டின் சாசர்கூட எஃப்-என் போட்டுத்தான் எழுதுகிறார். பிறகு அந்தத் தொடக்கமே ஆங்கிலத்தில் வழக்கொழிய, சொல் எஸ்-என் பக்கம் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே அங்கிருந்த மூக்குச் சொற்கள் இழுத்திருக்கும் என்பது ஒரு விளக்கம். பிறவி உறவு இல்லைங்க, ஒட்டிக்கிட்ட உறவு.

தமிழில் வேர்ச்சொல் தேடும் என்னைப் போன்ற அமெச்சூர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மின், மின்னல், மின்மினி: இங்கே 'மின்' தனிச்சொல்லாகவே நிற்குது, மலையாளத்திலும் மின்னல், கன்னடத்தில் மிஞ்சு. தாராளமா வேர் எனலாம். மிளிர்? 'மி' பொருந்துது, பளபளப்பும் பொருந்துது. அது போதாது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் செய்ததுபோல, இனமொழி வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் அதை மின்னோடு சேர்க்கலாமா என்ற பேச்சே.