விசில் ஒலிக்குமுன் திடலுக்கு

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சற்று முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்றது. தாராவை அனுப்புமாறு தாய்நாட்டுக்குச் செய்தி பறந்தது. கப்பல் பயணத்திற்கு நாள் இல்லை. விமானத்தில் விரைந்தும் அவர் அரையிறுதிக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை நாம் 8–1 என வென்றோம்.

நம் மாவட்டத்தில் ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர் கோவில்பட்டி. அங்கே ஆட வருபவர் சென்னையிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்துவிடலாம். ஆனால் அவர் இறங்குவது நெல்லைச் சாலையில் உள்ள வாகைக்குளத்தில் அன்றோ! அங்கிருந்து மதுரை நெடுஞ்சாலையைப் பிடித்து, எட்டயபுரத்தில் மேற்கே திரும்பிச் செல்லக் காரிலும் ஒன்றரை மணி வைத்துக்கொள்வது நல்லது. (பாரதியார் பிறந்த வீட்டைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.)

ஆகவே கணக்கை விசிலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மாலை 4 மணி ஆட்டத்திற்கு, உடலைத் தயார் செய்ய 3 மணிக்கே திடலில் இருக்க வேண்டும். வழிக்கு ஒன்றரை மணி. ஹாக்கி மட்டையை விமானத்தில் கையோடு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அது பெட்டிகளோடு வந்து சேர அரை மணி. ஆக, 1 மணிக்கு இறங்கும் விமானமே கடைசி. 2 மணிக்கு இறங்குபவர், விசில் ஒலிக்கையில் மட்டையும் கையுமாகத் திடல் வாசலில்தான் நிற்பார்.