எந்தச் சேலம்?

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல் துளி.

பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பல இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஊர் ‘சேலம்’ என்று மட்டும் இருந்தால், அது எந்தச் சேலம்? தமிழ்நாட்டில் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் ஓரிகனிலும் ஒவ்வொன்று. ஊர்ப்பெயரைக் கணினி தானாகப் பொருத்தும்போது, கடல்தாண்டி வேறு சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். அப்புறம் சரியான ஊரைச் சொல்லித் தேடினாலும் அந்தப் பதிவு கண்ணில் படாது.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இத்தகைய பல பிழைகளைப் பயனர்களே திருத்தலாம். ஆனால், முதலில் தேடல் அட்டவணையை விட்டுவிட்டு மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். பதிவேட்டின் முகப்பு, தேவாலயத்தின் பெயர், முன்பின் பக்கங்கள் ஆகியவை ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லை மாற்றமும் கவனிக்க வேண்டியது. 1860 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. அக்காலத்தில் சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911-இல் அது தனி மாவட்டமானது; இன்று இருப்பது ஆந்திரப் பிரதேசத்தில். ஆகவே 1880-ஆம் ஆண்டுப் பதிவுக்கு ‘சித்தூர், வட ஆற்காடு, சென்னை மாகாணம்’ என்பதே பொருந்தும். இன்றைய மாநிலத்தைக் குறிப்பில் சேர்க்கலாம்.

திருத்தும்போது காரணத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்துத் தேடுபவருக்கு அது உதவும்.