வைரஸ் போன பிறகு வந்த காய்ச்சல்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிட்டேன்.)

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. 2021 ஜூன் மாசம், மதுரையில ஒரு குழந்தைகள் வார்டு வாசல்ல டாக்டர் எங்க அக்காகிட்ட கேட்டார்: "கடந்த ரெண்டு மாசத்துல வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சாம்மா?"

அக்கா "இல்லைங்க டாக்டர்"னு சொல்லிட்டா. பொய் இல்ல. அவளுக்கு நிஜமாவே ஞாபகம் இல்ல.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். மழை பெய்ஞ்சா மல்லி, மிளகாய், பருத்தி. பெய்யலைன்னா கண்ணுக்கு எட்டுன தூரம் சீமைக்கருவேலம். அவ மகனுக்கு அப்போ 7 வயசு. காய்ச்சல் 103, கூடவே வயித்துவலி, வாந்தி. பக்கத்துல காட்டுன கிளினிக்ல வயித்துல தொற்றுன்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. கோவிட் டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். மூணாம் நாள் கண் ரெண்டும் செக்கச்செவேல்னு ஆச்சு. உதடு வெடிச்சு, நெஞ்செல்லாம் தடிப்பு. அதைப் பார்த்த அப்பத்தா, அதாவது அக்காவோட மாமியார், "அம்மா இறங்கியிருக்கா"ன்னு வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க. எங்க பக்கம் அம்மைன்னு சொல்லிட்டா அதுக்கு மேல ஆஸ்பத்திரி கிடையாது, மருந்து கிடையாது. அதுல ஒன்றரை நாள் போச்சு. அஞ்சாம் நாள் பையனுக்கு கை கால் ஜில்லுனு ஆனதும்தான் காரை எடுத்தோம். அருப்புக்கோட்டையில இருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். அன்னைக்கு அது ரொம்ப நீளமா இருந்துச்சு.

வார்டு வாசல்ல அக்கா "இல்லை"ன்னு சொன்னதும், பின்னாடி நின்ன அப்பத்தாதான் வாயைத் திறந்தாங்க. "எனக்கு வந்துச்சே சாமி. ரேஷன் கடையில ரெண்டாயிரம் ரூவா வாங்கியாந்த அன்னைக்கு ராத்திரி உடம்பெல்லாம் வலின்னு படுத்தேன். கருவாட்டு வாசனை கூடத் தெரியல. இவன் என்கூடத்தான் படுத்திருந்தான்."

கொரோனா நிவாரணத்தோட முதல் தவணை ரேஷன் கடைகள்ல குடுக்க ஆரம்பிச்சது 2021 மே 15. டாக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாலு வாரம். அதுக்கப்புறம் அவர் எழுதுன டெஸ்டுகளே வேற: கோவிட் ஆன்டிபாடி, சி.ஆர்.பி, டி-டைமர், இதயத்துக்கு எக்கோ. ஆன்டிபாடி பாசிட்டிவ். அழற்சியைக் காட்டுற அளவுகள் எல்லாம் எகிறிக் கிடந்துச்சு. எக்கோவுல இதயத்தோட பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருந்துச்சு.

நோயோட பேர் எம்.ஐ.எஸ்-சி. தமிழ்ல குழந்தைகளுக்கான பல்லுறுப்பு அழற்சி நோய்க்குறின்னு சொல்லலாம். பேரு நீளம், நான் எம்.ஐ.எஸ்-சின்னே சொல்றேன்.

இது உலகத்துக்கே 2020 ஏப்ரல்லதான் தெரிய வந்துச்சு. லண்டன் டாக்டர்கள் 8 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழ்ல எழுதினாங்க. இத்தாலியில பெர்காமோ ஊர் ஆஸ்பத்திரியில, அதுக்கு முந்தைய 5 வருஷத்துல கவாசாகி நோயோட வந்த குழந்தைகள் 19 பேர். 2020 பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும், ரெண்டே மாசத்துல, அதே மாதிரி அறிகுறியோட 10 பேர். மே மாசம் சென்னையில காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனைக்கு 8 வயசுப் பையன் ஒருத்தன் இதே மாதிரி வந்தான், சிகிச்சையில பிழைச்சான். அந்த வருஷமே சென்னையின் 4 மருத்துவமனைகள் சேர்ந்து 19 குழந்தைகளின் விவரத்தை 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல வெளியிட்டாங்க.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது?

நம்ம எதிர்ப்பு சக்தி ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு உடனே பாயும். யார் வந்தாலும் ஒரே மாதிரி அடிக்கும், கூடவே சைட்டோகைன்கிற ரசாயனச் செய்திகளை நாலா பக்கமும் அனுப்பும். ரெண்டாவது அடுக்கு, வந்த கிருமி யாருன்னு பார்த்து, அதுக்குன்னே டி செல்களையும் ஆன்டிபாடிகளையும் தயார் பண்ணும். அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் பிடிக்கும். எம்.ஐ.எஸ்-சி பெரும்பாலும் தொற்று வந்து 2 வாரத்துல இருந்து 6 வாரத்துக்குள்ள வருது. பல குழந்தைகளுக்கு அதுக்குள்ள மூக்குல வைரஸே இருக்காது. அதனாலதான் எங்க பையனுக்கு ஆர்.டி-பி.சி.ஆர் நெகட்டிவ். அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு "அப்பாடா, கொரோனா இல்ல"ன்னு நாங்க நிம்மதிப்பட்டோம் பாருங்க, அதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்பு.

ஆக, சந்தேகம் முழுக்க ரெண்டாவது அடுக்கு மேல விழுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி 2024 ஆகஸ்ட்ல 'நேச்சர்' இதழ்ல வந்தது. எம்.ஐ.எஸ்-சி வந்த 199 குழந்தைகளோட ரத்தத்தையும், கோவிட் வந்தும் இந்த நோய் வராத 45 குழந்தைகளோட ரத்தத்தையும் ஒப்பிட்டாங்க. நோய் வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமானவங்ககிட்ட, எஸ்.என்.எக்ஸ்8ங்கிற நம்ம சொந்தப் புரதத்தையே தாக்குற ஆன்டிபாடி இருந்துச்சு. அந்தப் புரதத்துல ஒரு சின்னத் துண்டு, கொரோனா வைரஸோட நியூக்ளியோகேப்சிட் புரதத்துல இருக்கிற ஒரு துண்டு மாதிரியே இருக்கு. கோடு எழுதுறவங்களுக்கு உடனே புரியும்: ஸ்பேமைப் பிடிக்க ஒரு ரெஜெக்ஸ் எழுதுறோம், அது கொஞ்சம் தளர்வா அமைஞ்சுபோய் நம்ம மேனேஜர் அனுப்புற மெயிலையும் சேர்த்துத் தூக்குது. ஸ்பேம் நின்ன பிறகும் அந்த ரூல் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஆனா இது மூணுல ஒரு பங்குக்குத்தான் பொருந்துது. மீதிப் பேருக்கு? நிறைய எம்.ஐ.எஸ்-சி குழந்தைகள்ல ஒரே வகையைச் சேர்ந்த டி செல்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததைப் பல குழுக்கள் 2021லயே பார்த்துட்டாங்க. 2025ல பெர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரிக் குழு இன்னொண்ணு சொன்னாங்க: இந்தக் குழந்தைகளுக்கு டி.ஜி.எஃப்-பீட்டாங்கிற பொருள் எகிறுது, அதனால எப்ஸ்டீன்-பார்ங்கிற பழைய வைரஸை அடக்கி வைக்கிற செல்கள் மந்தமாகுது, தூங்கிட்டிருந்த அது எந்திரிக்குது. இது தவிர, 100ல ஒரு குழந்தை அளவுக்கு, வைரஸோட ஆர்.என்.ஏவைப் பார்த்ததும் வேலை செய்ய வேண்டிய ஒரு மரபணுப் பாதையிலேயே பிறவிக் கோளாறு இருந்ததும் தெரிய வந்திருக்கு. என்னைக் கேட்டா, ஒரே பேர்ல பல நோய்கள் ஒளிஞ்சிருக்கலாம். 'சைட்டோகைன் புயல்'னு ஒத்தை வார்த்தையில முடிக்கிற வாட்ஸ்அப் வீடியோக்களைப் பார்த்தா எனக்குக் கடுப்பா இருக்கும். புயல் அடிச்சதை எல்லாரும்தான் பார்த்தோம், எங்க உருவாச்சுங்கிறதுதானே கேள்வி.

இந்த நோய்க்கு அண்ணன் மாதிரி இருக்கிற கவாசாகி நோயையே பாருங்க. டோமிசாகு கவாசாகிங்கிற ஜப்பான் டாக்டர் முதல் குழந்தையைப் பார்த்தது 1961ல. 50 குழந்தைகளைச் சேர்த்து எழுதுனது 1967ல. 2020 ஜூன்ல, 95 வயசுல அவர் இறந்தப்பவும் அந்த நோய்க்கான காரணம் உறுதியாத் தெரியாது.

காரணம் தெரியாட்டியும் வைத்தியம் இருக்கு. ஐ.வி.ஐ.ஜின்னு ஒரு மருந்து. ஆயிரக்கணக்கானவங்க குடுத்த பிளாஸ்மாவுல இருந்து பிரிச்ச ஆன்டிபாடி அது. இத்தனை பேரோட ஆன்டிபாடி மொத்தமா உள்ள போகும்போது, வெறியோட இருக்கிற செல்களோட வாயை அடைச்ச மாதிரி ஆகும். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 2 கிராம். எங்க பையன் 20 கிலோ, அதனால 40 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் எட்டு. கூடவே ஸ்டீராய்டு. ரெண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி, "இட்லி வேணும்"னு கேட்டான்.

ஒண்ணு சொல்லணும், எல்லாக் காய்ச்சலையும் எம்.ஐ.எஸ்-சின்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. இது அபூர்வம். அமெரிக்காவுல 2020ல கணக்குப் பார்த்தப்ப, 21 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல 10 லட்சம் தொற்றுக்கு சுமார் 316 பேர். ஒமிக்ரானுக்கு அப்புறம் இன்னும் குறைஞ்சுபோச்சு. நம்ம கருவேலங்காட்டுப் பக்கத்துல காய்ச்சல், தடிப்பு, தட்டணுக் குறைவுன்னா டெங்குவா இருக்கலாம். ஸ்கிரப் டைபஸாவும் இருக்கலாம். ஸ்கிரப் டைபஸ் புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி கடிச்சு வர்றது, கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்குன்னு தேடிப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு டாக்ஸிசைக்ளின்னு விலை கம்மியான மாத்திரை போதும், ஆனா எம்.ஐ.எஸ்-சின்னு நினைச்சு ஸ்டீராய்டு மட்டும் குடுத்தா ஆபத்து. மதுரை டாக்டரும் எக்கோ எடுக்கிறதுக்கு முன்னாடி பையனோட சட்டையைக் கழட்டி உடம்பு முழுக்கத் தேடுனாரு.

பையனுக்கு இப்போ இதயம் நார்மல். ஆறு மாசம் எக்கோவுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒவ்வொரு தடவையும் அப்பத்தாவும் கார்ல ஏறிடுவாங்க. இப்பவும் வீட்ல யாருக்காவது உடம்பு சுட்டா, அக்கா காலண்டர் தாள்ல அந்தத் தேதி மேல பேனாவால ஒரு புள்ளி வைப்பா. "என்னம்மா அது"ன்னு பையன் கேட்டா, "உன் அப்பத்தா கணக்கு"ம்பா.