கொச்சியில் கான்ஃபரன்ஸா? ரூம் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

மூன்று நாள் கான்ஃபரன்ஸ். வியாழன் ஆரம்பம், சனி மதியம் முடிவு. ஞாயிறு காலை ரயில். நடுவில் கிடைக்கிற அரை நாளில் ஃபோர்ட் கொச்சியை ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம் என்பதுதான் கொச்சிக்கு டெலிகேட்டாகப் போகும் பலரின் பிளான். பிளானில் தப்பு இல்லை, ஆனா அது ஓடுமா என்பதைப் பாதி முடிவு செய்வது ரூம் எங்கே போட்டோம் என்பதுதான்.

காரணம் தண்ணீர். கொச்சி ஒரே துண்டான ஊர் கிடையாது. கிழக்கே எர்ணாகுளம்: ரயில் நிலையங்கள், மெட்ரோ, ஆபீஸ்கள் எல்லாம் இங்கேதான். மேற்கே ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும்: டூரிஸ்ட் போட்டோக்களில் வருகிற பழைய ஊர். நடுவில் காயல். அந்தக் காயலுக்குள் வில்லிங்டன் தீவு, போல்காட்டி தீவு. பெரிய மாநாட்டு மையம் போல்காட்டியில் இருக்கிறது. சின்ன நிகழ்ச்சிகள் எர்ணாகுளம் ஹோட்டல்களில் நடக்கும்.

கூகுள் மேப்பில் எர்ணாகுளம் கரையும் ஃபோர்ட் கொச்சியும் எதிரெதிரேதான் தெரியும். ஆனா ரோட்டில் போனால் தேவரா, வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று சுற்றிக்கொண்டு 12 கிலோமீட்டருக்கு மேல். சாயங்கால டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. அதே தூரத்தைப் படகு சுமார் 20 நிமிஷத்தில் கடந்துவிடும்.

எங்கே தங்கலாம்?

காலை 9 மணிக்கு முதல் செஷன், அதுவும் நம்ம பேப்பர் என்றால் எர்ணாகுளம்தான் சரி. ஹைகோர்ட் படகுத்துறைக்குப் பக்கத்தில் ரூம் கிடைத்தால் இரட்டை லாபம்: போல்காட்டிக்கு கோஸ்ரீ பாலம் வழியே சில நிமிஷம்தான், ஃபோர்ட் கொச்சிக்குப் படகும் அங்கேயே.

ஊரைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ஃபோர்ட் கொச்சி. பழைய வீடுகளை ஹோம்ஸ்டேயாக மாற்றியிருக்கிறார்கள். பல இடங்களில் வீட்டுக்காரரே காலையில் புட்டும் கடலைக்கறியும் தருவார். ரெண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே கேட்டு வைக்கணும். சின்ன ஹோம்ஸ்டேக்களில் ஜிஎஸ்டி பில் கிடைக்காமல் போகலாம். கம்பெனியில் ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கணும்னா அப்புறம் அக்கவுண்ட்ஸ் டீமோடு மல்லுக்கட்டணும். இன்னொன்று, இரவு லேட்டாக வந்தால் கேட்டைத் திறக்க ஆள் இருப்பாரா என்பது.

வில்லிங்டன் தீவு அமைதியான இடம். ஆனா ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் நடந்துபோய்ப் பார்க்க அதிகம் இல்லை. அந்தத் தீவே ஒரு கதைதான். 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது.

வெள்ளி, சனி சிக்கல்

பலரும் கோட்டை விடுவது இதில்தான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. 'டச்சு அரண்மனை' என்று பெயர். கட்டியது என்னவோ போர்ச்சுக்கீசியர்கள், டச்சுக்காரர்கள் பின்னால் புதுப்பித்தார்கள். உள்ளே இருக்கும் ராமாயணச் சுவரோவியங்களுக்காகவே போகலாம். அங்கிருந்து சில நிமிஷ நடையில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயில். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் அது அன்றைக்கு மூடல். வெள்ளி மதியத்துக்கு மேலும் அதை நம்பிப் போகக் கூடாது.

கான்ஃபரன்ஸ்கள் முடிவதோ பெரும்பாலும் வெள்ளி, சனியில்! அதனால் ரெண்டையும் பார்க்கணும்னா ஒரு நாள் முன்னாடி, புதன்கிழமையே, வந்து இறங்குவது புத்திசாலித்தனம். முடியாதவர்கள் சனி மதியம் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு ஃபோர்ட் கொச்சி பக்கம் நகரலாம்.

அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்தது இங்கேதான். பிறகு உடலை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் இன்னும் அடையாளத்தோடு இருக்கிறது. நடந்தே போனால் கடற்கரையில் சீன வலைகள். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் தொங்கும் பாறாங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால்தான் வலை மேலே வரும். டிக்கெட், நேரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சூரியன் மறையும் நேரம்தான் பெஸ்ட்.

படகு டிப்ஸ்

2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ பேட்டரியில் ஓடும் ஏசி படகு. கட்டிக்கொடுத்தது கொச்சின் ஷிப்யார்ட். ஒரு படகில் 100 பேர். எண்ணித்தான் ஏற்றுவார்கள், அதற்கு மேல் திணிக்கிற வேலை இல்லை. அதனாலேயே வார இறுதியில் க்யூ நீளும். சனிக்கிழமை சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி போகிறவர்கள் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. விட்டுவிட்டால் ஆட்டோதான், அந்தச் சுற்று வழியில்தான். ஏசி வேண்டாம், காற்று போதும் என்கிறவர்களுக்கு மாநில அரசின் பழைய படகு சர்வீஸும் இருக்கிறது. அதன் டிக்கெட் விலை ஒரு டீயை விடக் குறைவுதான்.

டிசம்பர் 31-ஐ ஒட்டி கான்ஃபரன்ஸ் என்றால் ரூம் விஷயத்தில் சீக்கிரம் முந்திக்கணும். பாப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள். அன்றைக்கு ஃபோர்ட் கொச்சியில் கால் வைக்கவே இடம் இருக்காது.

இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால் வெளி மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 'தோபி கானா'வுக்கு ஆட்டோ பிடிக்கலாம். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் அங்கே துவைக்கிறார்கள். கொடியில் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவார்கள். கான்ஃபரன்ஸுக்குக் கொண்டுவந்த சட்டை கசங்கியிருந்தால் தமிழிலேயே ரேட் கேட்கலாம்.