ஒரு விநாடித் தபால்

டிசம்பர் 13, 14 தேதிகளில் மிதுன விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் கொட்டும். நல்ல இருட்டில் மணிக்கு நூறுக்கு மேல்கூட எண்ணலாம். ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் அது அடைமழைக் காலமாயிற்றே! தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாய் விரித்துப் படுத்தாலும் கருமேகம்தான் தெரியும்.

போகட்டும். கண்ணுக்குச் சிக்காததைக் காதால் பிடிப்போம். ஒரு எஃப்.எம். ரேடியோ போதும்.

எரிநட்சத்திரம் நட்சத்திரமே அல்ல. பெரும்பாலும் மணல் பருமனே உள்ள கல்துகள். மிதுனப் பொழிவின் துகள் விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் சிதம்பரத்திலிருந்து கடலூர் வர ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலாகும், அவ்வளவுதான். 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் அது காற்றில் மோதி ஆவியாகும். அப்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து, துகள் வந்த வழியெங்கும் நீண்ட கோடாக நிற்கும். ஒரு விநாடியோ, சில விநாடியோ. பிறகு கலைந்துவிடும்.

கண்ணாடிச் சில்லில் வெயிலைப் பிடித்து எதிர்ச் சுவரில் அடித்திருப்பீர்களே? இந்தக் கோடும் அப்படித்தான், வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். சில்லை வாகாகப் பிடித்தால்தானே வெளிச்சம் சுவரில் விழும்? கோடும் அதுபோல் சரியான சாய்வில் அமைய வேண்டும்.

ஹைதராபாத் எஃப்.எம். ஏன் கடலூரில் கேட்பதில்லை? அந்த அலை நேராக ஓடும். பூமியோ வளைந்தது. சுமார் 640 கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் அலை நம் தலைக்கு மேலே எங்கோ போய்விடும். ஆனால் நடுவழியில், கடப்பைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துகள் எரிந்தால்? அந்த இடம் இரண்டு ஊருக்கும் தெரியும் உயரம். அலை அதில் பட்டு இங்கே இறங்கும். ரேடியோவில் ‘உஸ்ஸ்’ இரைச்சலுக்கு நடுவே அரைச் சொல் தெலுங்கு கேட்டு, அறுந்து போகும். மேகமும் பகல் வெளிச்சமும் இதைத் தடுப்பதில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்குப் பழைய பங்கு உண்டு. 1933 நவம்பரில் சிம்மப் பொழிவின்போது கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவும் தோழர்களும் வானத்தின் மின்னேறிய அடுக்குகளை வானொலி அலையால் ஆராய்ந்தார்கள். ரேடியோவில் ‘கீ…’ என்று தொடங்கித் தாழ்ந்துகொண்டே போகும் சீழ்க்கை ஒலிகள் எரிநட்சத்திரங்களால் வருபவை என்று 1941இல் சமன்லால், வெங்கட்ராமன் இருவரும் எழுதினார்கள்.

சரி, அரைச் சொல்லை வைத்துக்கொண்டு செய்தி அனுப்ப முடியுமா? ரயில் இரண்டு நிமிடமே நிற்கும் ஸ்டேஷனில் மாமாவிடம் பொட்டலம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். ரயில் வந்தபிறகா கட்டுவோம்? கட்டித் தயாராகக் கையில் வைத்திருந்து, வண்டி நின்றதும் சன்னல் வழியே நீட்டிவிடுவோம். 1950களில் கனடாவின் ‘ஜேனட்’ அமைப்பு இதையே செய்தது. இரு நிலையங்களும் செய்தியைச் சேர்த்து வைத்துக் காத்திருக்கும். எதிர் நிலையத்தின் அலை காதில் விழுந்ததும் ‘பாதை திறந்தது’ என்று பொருள். செய்தியைப் படுவேகமாகக் கொட்டிவிடும். பாதை மூடினால் அடுத்த துகள் வரும்வரை பொறுக்கும். அமெரிக்க மலைகளில் எவ்வளவு பனி கிடக்கிறது என்ற கணக்கும் பல ஆண்டுகள் இந்த வழியில்தான் வந்தது. இடையில் கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததைக் கடலூரார் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்று நமக்கு வடக்கே 200 கிலோமீட்டர் சுமாரில், திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் விண்கல் ரேடார் இருக்கிறது. எரிந்த கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்த உயரத்தில் வீசும் காற்றை அது அளக்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் எந்த நிலையமும் ஒலிக்காத எஃப்.எம். எண்ணில் ரேடியோவை நிறுத்துங்கள். ஒரு கணம் குரலோ பாட்டோ வெட்டினால் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். ‘படபட’ என்றால் அது மின்னல். இலங்கை நிலையம் நிமிடக்கணக்கில் கேட்டால், அது கடல்மேல் காற்றடுக்கு வளைத்துக் கொண்டுவந்தது. இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாதாரண நாளில் மாலை ஒரு மணி நேரம், விடியற்காலை ஒரு மணி நேரம் எண்ணுங்கள். விடியலில்தான் பெரும்பாலும் கோடுகள் கூடும். ஏன்? கடலூரிலிருந்து மழையில் சிதம்பரம் வரும் பஸ்ஸைப் பாருங்கள். எந்தக் கண்ணாடி அதிகம் நனைந்திருக்கிறது? சூரியனைச் சுற்றி ஓடும் பூமிக்கு விடியற்காலைப் பக்கம்தான் முன் கண்ணாடி.