சிவப்பு விளக்கின் கீழும் புகைப்படத் தாள் ஏன் மங்குகிறது?

புகைப்படத் தாளின் ஜெலட்டின் பூச்சில் பரவியிருக்கும் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்படிகங்கள் நீல ஒளிக்கு எளிதில் வசப்படுவதும், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் பொருட்படுத்தாததுமே இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய அனுமதிக்கப்படுவதற்குக் காரணம். ஆயினும் அந்தப் பாதுகாப்புக்குக் கெடு உண்டு.

படிகத்தில் ஏறத்தாழ 4 வெள்ளி அணுக்களாவது ஓரிடத்தில் திரண்டால்தான், படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர் அதைக் கருமையாக்கும். குழாய் சொட்டுச் சொட்டாகக் குடத்தை விளிம்புவரை நிரப்பிய பின் ஒரு குவளை நீர் ஊற்றினாலே வழிந்துவிடுவது போல, சிவப்பு விளக்கு கண்ணுக்குப் புலப்படாமல் சேர்த்துவைத்த ஒளியோடு பெரிதாக்கும் கருவியின் ஒளியும் சேரும்போது, வெண்மையாக இருக்கவேண்டிய முகமும் மேகமும் சாம்பல் பூக்கின்றன.

எனவே வெறுந்தாளில் காசு வைத்துப் பார்க்கும் பழைய சோதனை ஏமாற்றக்கூடியது. முதலில் தாளின் ஓரத்தை மட்டும் மறைத்து, இளஞ்சாம்பல் நிறம் தோன்றும் அளவுக்கு அதைப் பெரிதாக்கும் கருவியின் ஒளியில் காட்டி, தாளின்மேல் காசை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் 5 நிமிடம் விட்டு, பிறகு கரைசலில் இட்டுப் பாருங்கள்.

காசிருந்த வட்டம் வெளிறித் தெரிந்தால் விளக்கே குற்றவாளி. 15 வாட் பல்பை 4 அடிக்கு அப்பால் நகர்த்துவதும், விளக்கை மூடும் சிவப்பு வடிகட்டியில் விரிசல் உள்ளதா என ஆராய்வதும் பெரும்பாலும் போதும். வட்டமே தோன்றாமல், ஒளி படாத ஓரமும் மங்கியிருந்தால் தாள் பழையதாகியிருக்கலாம். அப்போது டெவலப்பரில் சிறிதளவு பொட்டாசியம் புரோமைடு சேர்ப்பது, ஒளி படாத படிகங்கள் கருக்காதபடி ஓரளவு தடுக்கும்.