ஸ்கேன் படம் சொல்வதும் சொல்லாததும்

"அப்பாயிக்கு மூளை சுருங்கிப் போச்சாம்."

ஒரு தோட்டத்தில் இந்தப் பேச்சு ஒரே மாலையில் லயம் முழுக்கப் பரவிவிட்டது. வருடக்கணக்காகக் கொழுந்து பறித்து ஓய்ந்த அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மறதி. உலை வைத்ததை மறந்துவிடுவார். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுவார். பெரியாஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த ரிப்போர்ட்டைப் பக்கத்துக் காம்பராப் பையன் வாசித்துச் சொன்னதுதான் அந்தச் சொல்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் கையில் தீப்பெட்டி கொடுப்பதில்லை, கடைக்கும் அனுப்புவதில்லை. அவர் இருக்கும்போதே அவரைப் பற்றிப் பேசினார்கள். "எனக்கு என்னான்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்று அவர் எங்களிடம் கேட்டார். எங்களுக்கு வாய் வரவில்லை.

மறுபடி அவரையும் மகனையும் கிளினிக்கிற்குக் கூட்டிப்போனோம். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் உதவினார். "இந்த வயதில் மூளை இந்த அளவு சுருங்குவது வழமைதான். இரத்தக் கசிவு இல்லை, கட்டி இல்லை" என்றார் டாக்டர். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்வது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மறதி முழுதாகப் போகவில்லை. ஆனால் அப்பாயி இப்போது மருமகள் பக்கத்தில் இருக்க, மறுபடி சமைக்கிறார்.

ஸ்கேன் எதைக் காட்டும்?

சி.டி. ஸ்கேன் என்பது தலையைச் சுற்றிப் பல கோணத்தில் எடுக்கும் எக்ஸ்ரே. கம்பியூட்டர் அவற்றைச் சேர்த்துப் படமாக்கும். 1971ல் இங்கிலாந்தில்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படிப் படம் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. என்பது காந்த சக்தியால் எடுப்பது.

கட்டி, இரத்தக் கசிவு, பழைய பாரிசவாதத்தின் தழும்பு, மூளைக்குள் நீர் தேங்குவது, இவையெல்லாம் படத்தில் தெரியும். ஆனால் ஞாபகம் படத்தில் விழாது. மயிர் நரைப்பதுபோல வயதானால் மூளையும் கொஞ்சம் சுருங்கும். சுருங்கியும் நல்ல ஞாபகத்தோடு இருப்பவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் மறதி நோய் உள்ளவர்களும் உண்டு. அதனால் ஸ்கேனை மட்டும் வைத்து டாக்டர்மார் தீர்ப்புச் சொல்வதில்லை. நோயாளியோடும் வீட்டாரோடும் பேசி, ஞாபகத்தைச் சோதித்து, இரத்தம் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

தைரொயிட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், அதிகக் குடி, இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

விழுந்ததைச் சொல்லுங்கள்

மலையில் வழுக்கி விழுந்து தலை அடிபட்டால், வயதானவர்களுக்கு மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மெதுவாகச் சேரலாம். சில கிழமைகள் கழித்துத்தான் தடுமாற்றமும் மறதியும் தலைகாட்டும். ஸ்கேனில் இது தெரியும். தேவைப்பட்டால் ஒப்பரேஷன் செய்து இரத்தத்தை எடுப்பார்கள், பலர் தேறிவிடுகிறார்கள். "வயசாயிருச்சு, அதான்" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. படத்தில் தெரிவது இந்த வயதுக்கு வழமையானதா?
2. மறதிக்குக் காரணம் இதுதான் என்று சொல்ல முடியுமா?
3. மாற்றக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா?
4. வேறு என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?
5. வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்க வெட்கப்படாதீர்கள். 1987ல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. "தமிழ்ல சொல்லுங்க ஐயா" என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை. விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

முதலில் உரியவரிடமே கேளுங்கள்: "அம்மா, டாக்டர் சொன்னதை நாங்க சொல்லட்டுமா? எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, கொஞ்சம் போதுமா?" அவர் விருப்பப்படி, அமைதியான நேரத்தில், சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். மறந்தால் கோபிக்காமல் திரும்பச் சொல்லுங்கள். "மூளை போச்சு", "பைத்தியம்" என்ற சொற்கள் வேண்டாம். அவர் சம்மதிக்காமல் லயத்துக்கும் சொல்ல வேண்டாம்.

மறதி நோய்தான் என்று உறுதியானாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்து, காது கேட்காவிட்டால் அதையும் காட்டி, தினமும் ஒரே ஒழுங்கில் வேலையும் பேச்சும் இருந்தால் அவர் நாட்கள் இலகுவாகும். அவரால் செய்ய முடிந்த வேலையை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் மடிக்காமல், நனையாமல், கிளினிக் கொப்பியோடு வையுங்கள். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியது டாக்டர். பக்கத்துக் காம்பரா அல்ல.